பதினோராம் பக்கத்துச் சிவப்பு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

தம்பி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி இல்லாத அறையாகப் பார் என்று போன கடிதத்திலேயே சொன்னேன். நீ கேட்டிருக்க மாட்டாய்.

இதோடு ஒரு பார்சல் வரும். பிரித்ததும் "இன்னொரு குப்பையா" என்று தலையில் அடித்துக்கொள்ளாதே. அது நாற்பது வருடத்துக்கு முந்தைய காமிக்ஸ், 'குதிரைக்காரி' வரிசையில் முப்பத்தேழாவது. காமிக்ஸ் சேர்க்கிறவர்கள் எல்லாரும் மடங்காத, கறை படாத பிரதிக்கு அலைவார்கள். எனக்கு வேண்டியது அச்சகமே வெட்கப்பட்டுத் தூக்கிப் போட்டிருக்க வேண்டிய பிரதி. என் அலமாரியை நீ பார்த்திருக்கிறாய். எட்டுப் பக்கம் தலைகீழாகத் தைத்தது, கொலைகாரன் பிடிபடும் பக்கம் மட்டும் விட்டுப்போனது, அட்டையில் கப்பலும் உள்ளே பாலைவனமுமாக இருப்பது. ஒழுங்காக வந்த பிரதி ஆயிரம் இருக்கும், கோணலாக வந்தது ஒன்றுதான் இருக்கும். அந்த ஒன்று யார் கண்ணிலும் படாமல் என் கண்ணில் பட வேண்டும் என்பதுதான் என் பைத்தியம்.

இந்தப் பிரதியின் கோணல் வேறு மாதிரி. வண்ணப் படத்தை நான்கு தடவையாக அச்சடிப்பார்கள். மஞ்சள், சிவப்பு, நீலம், கடைசியில் கருப்பு. நடுவில் தாள் கொஞ்சம் நகர்ந்தால் போதும், நிறம் கோட்டை விட்டு வெளியே போய்விடும். இதில் முப்பத்திரண்டு பக்கமும் அப்படி. கோடுகூட இரண்டு தடவை விழுந்திருக்கிறது. பதினோராம் பக்கம்தான் உச்சம். குதிரைக்காரியின் சிவப்புச் சட்டை அவள் தோளை விட்டு இறங்கிப் பக்கத்தில் தனியாக நிற்கிறது.

ஒரே ஒரு குழப்பம். காலையில் எடுத்துப் பார்த்தால் ஒழுங்காக இருப்பது போல் தெரிகிறது. சாயங்காலம் பார்த்தால் விலகி நிற்கிறது. ஈரத்தில் தாள் நெளிகிறதோ என்னவோ.

நீ மில்லில் அச்சுத்துணியைச் சோதிக்கிற மேசையில் இருபது வருடமாக நிற்கிறவள். ஒரு பூ நூலளவு நகர்ந்திருந்தாலும் மொத்தத் துணியையும் ஒதுக்கிவிடுவாய், மேஸ்திரியே உன் பக்கம் வரப் பயப்படுவார். அந்தக் கண்ணால் பார்த்துச் சொல். பதினோராம் பக்கத்தில் சிவப்பு விலகியிருக்கிறதா, இல்லையா. அது போதும்.

பத்து நாளாக நான் வண்டி எடுக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, லீவு மிச்சமிருந்தது. பதினெட்டு வருடம் பஸ் ஓட்டினவன் பகலில் வீட்டில் கிடந்தால் வீட்டுக்காரிக்குத் தாங்குமா? "சாப்பிடறதுக்கே ஒரு மணி நேரமா? மெல்லத் தெரியாத குழந்தையா நீங்க?" என்று விரட்டுகிறாள்.

சீக்கிரம் எழுது அக்கா. தாமதம் பண்ணாதே.

தபால்காரர் வரும் நேரம் பார்த்து வாசலில் நிற்கும்,
தம்பி


மார்ச் 2

என் தம்பிக்கு,

உன் கடிதமும் பார்சலும் பத்திரமாக வந்தன. நான் நன்றாக இருக்கிறேன். நீ நம்ப மாட்டாய், அறையை மாற்றிவிட்டேன். தரைத்தளம். ஜன்னலுக்கு வெளியே சலவைக்கடை, நாள் முழுக்க சோப்பு வாசனை. மில்லில் பெரிய ஆர்டர் என்பதால் ஞாயிறும் கிடையாது. அதனால்தான் பதில் இத்தனை நாள் ஆனது. கோபித்துக்கொள்ளாதே.

புத்தகத்தைப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான். சட்டை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மில்லாக இருந்தால் அந்தத் துணியைத் தரை துடைக்கப் போட்டிருப்போம், நீ அதைப் போய் அலமாரியில் வைத்துப் பூட்டுகிறாய். நல்ல வேட்டைதான் போ. சந்தோஷமாக வைத்துக்கொள்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். நன்றாக மென்று சாப்பிடுவது நல்லதுதான், அவளிடம் நான் சொன்னதாகச் சொல்.

எப்போதும் உன் நினைவாக,
அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்கா,

நீ நன்றாக இருக்க வேண்டும். நூறு வருடம் இருக்க வேண்டும். உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். படித்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன்.

பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, கிழிந்த முதுகை எல்லாம் பசை போட்டே ஒட்டிவிடுவார், நாங்கள் அவரைப் 'பசை' என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். "அதுல ஒண்ணும் இல்லீங்க, நல்ல பிரதிதான். கண்ணத் தொடச்சிட்டுப் பாருங்க" என்று சிரிக்கிறார். "எங்க அக்கா பாத்து எழுதிட்டாங்க. மில்லுல துணி பாக்கற கண்ணு அது. உங்க கண்ணத்தான் தொடைக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாளை முதல் வண்டி எடுக்கிறேன். லீவு போதும்.

இன்னொரு புத்தகமும் அனுப்புகிறேன். 'நீர்மூழ்கித் தளபதி', ஒன்பதாவது. இதில் எல்லாப் படமும் இரட்டை. தளபதிக்கு நான்கு கண், மீனுக்கு இரண்டு வால். இதையும் பார்த்துச் சொல்லிவிடு.

மனம் நிறைந்த சந்தோஷத்துடன்,
தம்பி


ஏப்ரல் 10

என் தம்பிக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீர்மூழ்கித் தளபதி வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன். எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

புத்தகத்தை மில்லுக்கே எடுத்துப்போனேன். சோதனை மேசையில், பகல் வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். தளபதிக்கு இரண்டு கண்தான் இருக்கின்றன. மீனுக்கு ஒரு வால்தான். நிறம் கோட்டுக்குள்ளேயே நிற்கிறது. பக்கத்து மேசைக்காரியிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். "என்ன தேடணும்னு சொல்லுங்க, தேடறேன்" என்றாள். பிரதி மாறிப்போய் வேறு ஒன்றை அனுப்பிவிட்டாயா? அலமாரியில் பார்.

இன்னொன்று. முதல் புத்தகத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். பதினோராம் பக்கத்தில் இப்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சட்டை தோளில்தான் இருக்கிறது. எனக்கும் வயதாகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது.

வேலைக்குப் போய் வருகிறாயா? வெயிலில் வண்டி ஓட்டும்போது தண்ணீர் வைத்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

நலம்.

பிரதி மாறவில்லை. அனுப்பியது அதேதான்.

ஒன்று புரியவில்லை. முதல் புத்தகத்தில் அப்போது தெரிந்தது இப்போது தெரியவில்லை என்கிறாய். அச்சில் இருப்பது எங்கே போகும்? உனக்கும் வந்து வந்து போகிறதா? முதல் தடவை எந்த நேரத்தில் பார்த்தாய்? காலையிலா, வேலை முடிந்து வந்த பிறகா? வெளிச்சம் எந்தப் பக்கம்? களைப்பாக இருந்தாயா? இதை மட்டும் சரியாக நினைவுபடுத்தி எழுது. மற்றது எதுவும் எழுத வேண்டாம்.

நான் வீட்டில்தான் இருக்கிறேன். வண்டி பட்டறையில் நிற்கிறது.

தம்பி


மே 6

என் கண்ணான தம்பிக்கு,

உடம்பை எல்லாம் பிறகு விசாரிக்கிறேன். முதலில் இதைப் படி.

முதல் தடவை நான் எந்த நேரத்திலும் பார்க்கவில்லை. நீ கேட்ட பக்கத்தை மட்டும் அல்ல, புத்தகத்தையே பார்க்கவில்லை. பார்சல் வந்த அன்று அறை மாறிக்கொண்டிருந்தேன். அதன் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் பெட்டிக்கு அடியில் போட்டவள், அப்படியே மறந்துவிட்டேன். பிறகு ஒரு நாள் மதிய இடைவேளையில் உன் கடிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு, நீ எழுதியதையே திருப்பி எழுதிவிட்டேன். சிரிப்பு வந்தது என்று எழுதினேனே, அதுவும் பொய். உன் காமிக்ஸ் விஷயம்தானே, ஆமாம் என்றால் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். தப்புத்தான். அதை விடப் பெரிய தப்பு, போன கடிதத்தில் "இப்போது தெரியவில்லை" என்று மழுப்பியது. ஏப்ரல் மாதம்தான் முதல் தடவையாகக் கயிற்றை அவிழ்த்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை. அந்தப் புத்தகத்தில் எப்போதுமே ஒன்றும் இல்லை.

உன் கடைசிக் கடிதத்தை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ கோடு போட்ட தாளில்தான் எழுதுவாய். இதில் வரிகள் கோட்டை விட்டுச் சரிகின்றன. இரண்டு இடத்தில் எழுதியதன் மேலேயே எழுதியிருக்கிறாய். வண்டி பட்டறையில் நின்றால் டிப்போவில் உனக்கு ஓட்ட வேறு வண்டி இல்லையா?

எங்கள் மேஸ்திரி ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். வேலை முடியும் நேரத்தில் யாராவது "பூ ரெண்டா விழுந்திருக்கு" என்றால், "ஒரு கண்ண மூடிட்டு சொல்லு" என்பார். துணியில் கோளாறு என்றால் ஒரு கண்ணால் பார்த்தாலும் இரண்டாகத்தான் தெரியும். ஒரு கண்ணை மூடியதும் ஒன்றாகிவிட்டால் துணியில் கோளாறு இல்லை.

தம்பி, சாயங்காலம் அலமாரியைத் திற. ஏதாவது ஒரு புத்தகத்தை எடு. உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார். பார்த்துவிட்டு எனக்கு எழுது. என்னைத் திட்டியாவது எழுது.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

உனக்கு நான் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நலமாக இருக்கிறாயா? நாற்பது நாளாகத் தம்பியிடமிருந்து பதில் இல்லை. அவன் கோபமாக இருந்தால் கோபமாக இருக்கிறான் என்று மட்டும் எழுது, அது போதும். அவன் வேலைக்குப் போகிறானா? அவன் கண் எப்படி இருக்கிறது? நான் கேட்டேன் என்று அவனிடம் சொல்ல வேண்டாம்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
அண்ணி


ஜூன் 28

மதிப்புக்குரிய அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். எனக்கு உங்களைப் போல் கோர்வையாக எழுத வராது. தப்பிருந்தால் மன்னிக்க வேண்டும்.

இங்கே என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியவில்லை அண்ணி. தெரிந்ததை எழுதுகிறேன்.

ஜனவரிக் கடைசியில் திடீரென்று லீவு போட்டார். ஏன் என்றால் சொல்லவில்லை. மார்ச் மாதம் உங்கள் கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு விசில் அடித்துக்கொண்டே உள்ளே வந்தார். அவர் விசில் அடித்து நான் கேட்டதே இல்லை. மறுநாளே யூனிஃபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். சரியாக ஒரு வாரம். மார்ச் 21 சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு அம்மா மேல் வண்டியின் பக்கக் கண்ணாடி இடித்துவிட்டது. அவர்கள் தையல் வேலை செய்கிறவர்கள். வலது கை மணிக்கட்டிலும் முழங்கையிலும் எலும்பு முறிந்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை.

உங்களுக்கு எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டிப்போவில் விசாரணை. அந்த அம்மாதான் ரோட்டில் இறங்கினார்கள் என்று இவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். டிப்போக்காரர்களும் அதையே எடுத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. விசாரணை முடியும் வரை வேலை கிடையாது.

மே மாதம் உங்கள் இன்னொரு கடிதம் வந்தது. அதிலிருந்து ஆளே மாறிப்போனார். அலமாரியில் இருந்த காமிக்ஸ் எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பிவிட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடுகிறார். இரண்டு அடுக்காகப் பிரித்து வைக்கிறார். ஒரு அடுக்கு உயர்ந்துகொண்டே போகிறது. "என்ன பண்றீங்க?" என்றால் "கணக்குப் பாக்கறேன்" என்கிறார். சாயங்காலம் ஆனால் இடது இமை தானாக இறங்கிவிடுகிறது. பேச்சு மூக்கால் வருகிறது. பாதிச் சாப்பாட்டில் தாடை வலிக்கிறது என்று எழுந்துவிடுகிறார். டாக்டரிடம் போகலாம் என்றால் கத்துகிறார்.

அந்தக் கடிதத்தில் என்ன எழுதினீர்கள் அண்ணி? கேட்டால் "புத்தகத்தப் பத்தி" என்கிறார். புத்தகத்தைப் பற்றி எழுதினால் ஒரு மனிதன் இப்படி ஆவானா?

பணிவுடன்,
உங்கள் தம்பி மனைவி


ஜூலை 7

தம்பி,

உன் மனைவி எழுதிவிட்டாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் கேட்டேன்.

நான் மார்ச் 2 எழுதினேன். நீ 13 எழுதினாய். 14 வேலைக்குப் போனாய். 21 அந்த அம்மா. இந்த நான்கு தேதிகளும் என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. மில்லில் நேற்று ஒரு முழுச் சுருள் துணியை ஒன்றும் பார்க்காமல் தள்ளிவிட்டேன். மேஸ்திரி கூப்பிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்றார். இருபது வருடத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

நீ பயந்துபோய் வண்டியை விட்டு இறங்கியிருந்தாய். என் பொய்தான் உன்னை மறுபடி ஏற்றிவிட்டது. அவிழ்க்காத ஒரு கயிறு, அவ்வளவுதான் விஷயம். முகம் தெரியாத ஒருத்தி கையை நான் இங்கே உட்கார்ந்துகொண்டே ஒடித்திருக்கிறேன். அம்மா போன பிறகு உன்னை வளர்த்தவள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். இதற்குத்தான் வளர்த்தேன் போலிருக்கிறது.

ஆனால் தம்பி, ஒன்று கேட்கிறேன். அவள் ரோட்டில் இறங்கினாளா?

நீ டாக்டரிடம் போ. டிப்போவுக்கும் போ. எதை முதலில் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு எதுவுமே தெரியவில்லை. நான் புறப்பட்டு வரட்டுமா என்றும் தெரியவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்கா,

ஆறு வாரம் உன்னைத் தவிக்க விட்டுவிட்டேன். நன்றாக இருக்கிறாய் என்று உன் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. நான் பரவாயில்லை. இந்தக் கடிதத்தை மாத்திரை போட்டுவிட்டு எழுதுகிறேன். வரிகள் கோட்டில் நிற்கின்றனவா பார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

உன் மே மாதக் கடிதம் வந்த அன்று சாயங்காலமே கண்ணைப் பொத்திப் பார்த்தேன். பொத்தியதும் சட்டை ஓடிப்போய்த் தோளில் ஏறிக்கொண்டது. கையை எடுத்தேன், இறங்கிவிட்டது. அன்று இரண்டு மணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தேன். பிறகு எல்லாப் புத்தகத்தையும் இறக்கினேன். போன ஒரு வருடத்தில் அரிய பிரதி, அச்சுப்பிழை என்று ஆசை ஆசையாக நான் வாங்கியதில் முக்கால்வாசி நல்ல பிரதிகள் அக்கா. ஒரு குறையும் இல்லாத, ஊரில் எல்லாரிடமும் இருக்கிற பிரதிகள். எதை நான் சரியாகப் பார்த்து வாங்கினேன், எதைக் கோணலாகப் பார்த்து வாங்கினேன் என்று பிரிக்கப் பிரிக்க, ஒரு கட்டத்தில் எனக்குத் தலை சுற்றிவிட்டது. புத்தகம் போகட்டும், போன வருடம் ரோட்டில் பார்த்ததெல்லாம்?

உன் ஜூலைக் கடிதம் வந்த மறுநாள் வீட்டுக்காரியோடு டாக்டரிடம் போனேன். அந்த டாக்டரம்மா என் கண்ணுக்குள் விளக்குக்கூட அடிக்கவில்லை. "மேல கூரையப் பாருங்க. கண்ண இறக்காதீங்க" என்றார். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிஷத்தில் இடது இமை கடைக்கதவு மாதிரி இறங்கிவிட்டது. நரம்பு சொல்வதைத் தசை கொஞ்ச நேரம் கேட்கிறதாம், பிறகு களைத்துப்போய்க் கேட்காமல் விட்டுவிடுகிறதாம். ஓய்வு கொடுத்தால் மறுபடி கேட்குமாம். காலையில் நேராகவும் சாயங்காலம் கோணலாகவும் தெரிந்தது அதனால்தான். மெல்ல முடியாமல் போனதும் அதேதான். சாப்பாட்டு நேரத்தில் என்னைத் திட்டியதை எல்லாம் நினைத்து வீட்டுக்காரி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதாள். முழுக்கக் குணமாகுமா என்று கேட்டேன். "கட்டுப்படுத்தலாம். ஆனா பஸ் ஓட்டறத மறந்துடுங்க" என்றார்.

அங்கிருந்து டிப்போவுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நீ கேட்ட கேள்வி சட்டைப்பையில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அந்தத் தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன்.

சின்ன அறை. மெஷின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. கையில் இன்னும் கட்டு.

"யாரு நீங்க?"

"உங்க கைய ஒடிச்சவன்."

"உக்காருங்க" என்றார்கள். நான் நின்றுகொண்டே கண் விஷயம் முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அன்னிக்கு நான் ரெண்டு பேரா தெரிஞ்சேனா?" என்றார்கள்.

"ஆமாங்க. ஒருத்தர் ஓரமா நின்னாங்க. ஒருத்தர் ரோட்டுக்குள்ள நின்னாங்க. ரோட்டுக்குள்ள நின்னவங்களத் தப்ப விடணும்னு வண்டிய ஓரமா ஒடிச்சேன். ரோட்டுக்குள்ள யாருமே இல்ல."

அவர்கள் சிரிக்கப் போகிறார்களா, அடிக்கப் போகிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கும் தெரியவில்லை போலிருந்தது. "இல்லாதவளக் காப்பாத்தறதுக்காக இருக்கறவள இடிச்சீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். பிறகு, "நாலு மாசமா, நான் நிஜமாவே ரோட்டுல இறங்கிட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கேக்கறவங்க எல்லாம் அப்படித்தான் சொல்றாங்க. நான் என் கால நம்பாம போயிட்டேன் தெரியுமா?" என்றார்கள்.

அவள் ரோட்டில் இறங்கினாள் என்று எழுதிக் கொடுத்தபோது அது முழுப் பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்த்ததைத்தான் எழுதினேன். ஆனால் இரண்டு பேரைப் பார்த்தேன் என்பதை எழுதவில்லை. அதுதான் பொய்.

"பேப்பர் எடுங்க" என்றார்கள். "என் கை எழுதாது. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க." முதல் வரி, "நான் ஓரமாகத்தான் நின்றேன்." அதை என் கையால் எழுதினேன். மொத்தம் ஆறு வரி சொன்னார்கள். அதற்குக் கீழே நான் பார்த்ததை எழுதினேன், இரண்டு பேரையும் சேர்த்து. டாக்டரின் சீட்டையும் வைத்து மறுநாள் டிப்போவில் கொடுத்துவிட்டேன். லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். தப்பு அந்த அம்மா மேல் இல்லை என்று போன வாரம் மாற்றி எழுதிவிட்டார்கள், அவர்களுக்கு நஷ்ட ஈடும் வரும். எனக்கு என்ன தண்டனை என்று இன்னும் முடிவாகவில்லை. அது வரட்டும்.

இப்போது உன் நான்கு தேதிகள். அதற்கு முன்னால் இன்னும் இரண்டு தேதி இருக்கிறது. அதை உனக்கு நான் எழுதவில்லை.

குதிரைக்காரியை வாங்கிய அன்றே கடையில் நின்று பசையிடம் காட்டினேன். ஒன்றும் இல்லை என்றார். அவர் சிரித்தது அப்போதுதான். உன் பதில் வந்த பிறகு நடந்த மாதிரி உனக்கு எழுதினேன். மறுநாள் வீட்டுக்காரியிடம், எதற்கு என்று சொல்லாமல், அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். "சட்டை நல்ல செவப்பு" என்றாள், அதோடு போய்விட்டாள். அன்றைக்கே எனக்குத் தெரியும் அக்கா. தெரிந்துதான் லீவு போட்டேன். பஸ் இல்லாவிட்டால் நான் யார் என்று தெரியாமல் பத்து நாள் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகுதான் உனக்குப் பார்சல் கட்டினேன்.

மில்லில் நீ யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாய். என் விஷயத்தில் மட்டும் சின்ன வயதிலிருந்தே உனக்கு இல்லை என்று சொல்ல வராது. ஆமாம் என்று சொல்ல எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதனால்தான் உன்னிடம் கேட்டேன்.

புறப்பட்டு வா. ஆனால் இதற்குப் பதில் எழுதினால், பரவாயில்லை என்று மட்டும் எழுதாதே.

உன் தம்பி